கரிவாயுவில் பஸ் ஓட்டிய சுந்தரம் ஐயங்கார்

நமது தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து விலை கொடுத்து வாங்குகிறது. மேற்கே ஏதோவொரு ஜலசந்தியில் பீரங்கி முழங்கினால், மதுரை கீழமாசி வீதியில் பருப்பும் மிளகாயும் விலை ஏறுகின்றன. சரக்கு லாரியில் வருகிறது; லாரி டீசலில் ஓடுகிறது; டீசல் கப்பலில் வருகிறது. சுயராஜ்யம் கிடைத்து இத்தனை வருஷங்களாகியும் இந்தச் சங்கிலி அறுபடவில்லை. இதை அறுக்க வேண்டுமென்ற ஆவல் நம் வாலிபர்களிடம் இல்லாமலில்லை. எஞ்சினோடு மற்றொரு சக்தியையும் சேர்த்து ஓட்டும் கலப்பு வண்டியைத் தாமே பட்டறையில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் பலர். அவர்களுக்குள் ஒரு தர்க்கமும் நடக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை எண்ணெயின் அழுத்தமாகச் சேமிப்பதா, மின்சாரமாகச் சேமிப்பதா என்பதே அது.

இந்தத் தர்க்கத்துக்கு விடை தேடுகிறவர்கள் அயல்நாட்டு யந்திர சாஸ்திர நூல்களைப் புரட்டுவது அவசியந்தான். ஆனால் அதற்கு முன்னால், மதுரையிலேயே வாழ்ந்து, பெட்ரோல் அரிதாகிப்போன காலத்தில் தம் பஸ்களை நிறுத்தாமல் ஓட்டிக் காட்டிய ஒருவருடைய சரித்திரத்தை அறிந்துகொள்வது உசிதமென்று நமக்குத் தோன்றுகிறது. ஸ்ரீமான் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் பெயரை அறியாத தமிழர் இல்லை. டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தை மொபெட்டிலும் டயரிலும் ஸ்கூட்டரிலும் பார்த்திருக்கிறோம். அவ்வெழுத்துக்களுக்குப் பின்னால் இருந்த மனிதரைத்தான் மறந்துவிட்டோம்.

அவர் 1877-ம் வருஷம் மார்ச்சு மாதம் 22-ந் தேதி திருநெல்வேலி ஜில்லாவில் திருக்குறுங்குடி என்னும் க்ஷேத்திரத்தில் பிறந்தார். மகேந்திரகிரிச் சாரலுக்கு அண்மையில், நம்பியின் கோயிலைச் சுற்றி அமைந்த வைஷ்ணவ ஊர் அது. அவர் பிறந்த காலமோ தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம். தூத்துக்குடிக்கு ரயில் வந்து இரண்டொரு வருஷங்களே ஆகியிருந்தன. ரயில் எட்டாத கிராமங்களுக்குத் தானியம் மாட்டு வண்டியில்தான் போய்ச் சேர வேண்டியிருந்தது. மாடுகளோ தீனியின்றி மடிந்துகொண்டிருந்தன. தண்டவாளம் முடிகிற இடத்துக்கு அப்பால் என்ன செய்வது என்ற கேள்வி தென்னாட்டில் இவ்வாறு பிணங்களின் நடுவே எழுந்தது. சுந்தரம் ஐயங்கார் தம் ஆயுள் முழுவதும் அந்தக் கேள்விக்கே விடை கூறினார் என்று சொல்லலாம்.

ஆனால் அவர் நேராக அதற்கு வந்துவிடவில்லை. தகப்பனாரின் விருப்பப்படி முதலில் வக்கீலானார். அக்காலத்தில் படித்த பிராமண வாலிபனுக்கு விதிக்கப்பட்ட பாதை வக்கீல் தொழில், இல்லையேல் சர்க்கார் உத்தியோகம். அவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. பிறகு ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். அதன்பின் ஒரு பாங்கியில் இருந்தார். மூன்றையும் உதறிவிட்டு வியாபாரத்தில் இறங்கியபோது உறவினர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். வழக்கறிஞர் சங்கத்து நாற்காலியை விட்டு எழுந்திருப்பது எவ்வளவு கடினமென்பது அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். எனினும் அந்த மூன்று அநுபவங்களும் வீணாகவில்லை. சட்டம் ஒப்பந்தத்தைக் கற்பித்தது. பாங்கி கணக்கைக் கற்பித்தது. ரயில்வே கடிகாரத்தைக் கற்பித்தது.

1911-ம் வருஷத்தில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு ஸன்ஸ் என்ற ஸ்தாபனம் தோன்றியது. அந்த வருஷத்தைத் தேசபக்தர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவரும் வக்கீலுமான வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் ஸ்தாபித்த சுதேசிக் கப்பல் கம்பெனி, 1911-ல் கலைக்கப்பட்டது. பிள்ளையவர்கள் அப்போது சிறையில் இருந்தார். கடலில் சுதேசிப் போக்குவரத்தைச் சர்க்காரும் வெள்ளைக் கம்பெனியும் சேர்ந்து மூழ்கடித்த வருஷத்தில், தரையில் ஒரு போக்குவரத்துக்கு வித்திடப்பட்டது. இரண்டையும் சமமாக வைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஒருவர் ஏகாதிபத்தியத்தின் மார்பில் கைவைத்தார். மற்றவர் அதன் சட்டத்துக்குள்ளேயே இடம் தேடிக்கொண்டார். ஒருவர் செக்கிழுத்தார், மற்றவர் செல்வம் சேர்த்தார். ஆயினும் பிள்ளையவர்களின் கப்பல் ஏன் நின்றது என்பதை யோசித்தால், ஸ்ரீ ஐயங்காரின் பஸ் ஏன் நிற்கவில்லை என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

1912-ல் மதுரையில் அவர் மோட்டார் பஸ் விட்டார். மதுரைக்கு ரயில் 1875-லேயே வந்துவிட்டது. 1892-ல் ஹார்வி மில் ஏற்பட்டது. 1895-ல் பெரியாற்று அணை முடிந்து மேலூர்ப் பக்கம் நெல் விளையலாயிற்று. பஞ்சும் நெல்லும் மனிதர்களும் ரயிலடிக்கு வந்து சேருவதும், ரயிலடியிலிருந்து உள்நாட்டுக்குப் போவதும் மாட்டு வண்டியிலும் ஜட்காவிலுமே நடந்து வந்தன. ஒரு நாள் வழியை ஒரு முற்பகலில் கடக்கும் வண்டி என்பது அக்காலத்து ஜனங்களுக்கு மாயாஜாலமாகத் தோன்றியது. அதில் ஏற அஞ்சியவர்களும் உண்டு.

மோட்டார் விட்டவர்கள் அவர் ஒருவரே அல்லர். மற்றவர்களுடைய பஸ் கூட்டம் சேர்ந்தபிறகு புறப்படும். அவருடைய பஸ் மணி அடித்ததும் புறப்படும். இரண்டு பேரே இருந்தாலும் புறப்படும். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பது மதுரை ஜில்லாவில் வெகுகாலம் வழங்கிய பேச்சு. இதைச் சிறு விஷயமென்று எண்ண வேண்டாம். நேரத்தை எதிர்பார்த்து ஒரு ஜனசமூகம் தன் வேலைகளை அமைத்துக்கொள்ளத் தொடங்கினால்தான் சந்தையும் கச்சேரியும் பள்ளிக்கூடமும் ஒழுங்காக நடைபெறும். இன்னொரு விஷயமும் சொல்வார்கள். மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் சாலையெங்கும் கிடந்து டயர்களைக் குத்திக் கிழித்தனவாம். ஐயங்கார் காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை முன்னால் விட்டு அவற்றைப் பொறுக்கச் செய்தாராம். குறை கண்டால் மனு எழுதுவதோடு நிற்காமல் கருவி செய்யும் புத்தி அவருக்கு இருந்தது.

இங்கே தேசீயவாதிகள் ஓர் ஆட்சேபம் எழுப்பலாம். அவர் விற்ற கார்களும் லாரிகளும் உதிரிப் பாகங்களும் அந்நிய நாட்டுச் சரக்கல்லவா? ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வண்டிகளை இந்நாட்டில் பரப்பியது சுதேசியமா? ஆட்சேபம் நியாயமானதே. அதற்குப் பூரண சமாதானம் சொல்ல நம்மால் முடியாது. ஆனால் அந்நிய யந்திரத்தை வாங்கி விற்பவர் வேறு. அதைக் கழற்றிப் பார்த்துப் பழுது நீக்கி, தேய்ந்த உறுப்புக்குப் பதில் உறுப்பைத் தாமே கடைந்து பொருத்துகிறவர் வேறு. ஸ்ரீ ஐயங்காரின் மதுரைப் பட்டறையில் நடந்தது இரண்டாவது காரியம். பிட்டரும் டர்னரும் வெல்டரும் அங்கே உண்டானார்கள். அந்தப் பட்டறை இல்லாவிட்டால் பின்னால் வந்த சோதனையில் பஸ்களெல்லாம் ஷெட்டில் துருப்பிடித்திருக்கும்.

சோதனை இரண்டாம் உலக மகாயுத்தத்தில் வந்தது. சென்னை ராஜதானிக்கு எண்ணெய் பெரும்பாலும் பர்மாவிலிருந்து கடல் வழியாக வந்துகொண்டிருந்தது. 1942-ல் ஜப்பானியர் ரங்கூனை நெருங்கியபோது, சிரியத்திலிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் பிரிட்டிஷாரே அழித்துவிட்டு வெளியேறினார்கள். அதே வருஷம் மலேயாவும் சிங்கப்பூரும் வீழ்ந்தன, ரப்பரும் போயிற்று. இந்தியாவில் கிடைத்த அஸ்ஸாம், அட்டோக் எண்ணெயெல்லாம் சேனைக்கே போதவில்லை. சர்க்கார் பெட்ரோலுக்குப் பங்கீடு வைத்தது. பஸ் முதலாளிகள் பலர் வண்டிகளை நிறுத்தினார்கள்.

அப்போது மதுரைப் பட்டறையிலிருந்து டி.வி.எஸ். காஸ் பிளாண்டு வெளிவந்தது. ஜனங்கள் இதைக் கரி பஸ் என்று அழைத்தார்கள். அதன் தத்துவம் புதிதன்று. ஐரோப்பாவிலும் யுத்த காலத்தில் கரியிலும் கட்டையிலும் வண்டிகள் ஓடின. ஆனால் புத்தகத்திலுள்ள தத்துவம் வேறு, மதுரை வெயிலில், புழுதிச் சாலையில், நாள்தோறும் ஓட வேண்டிய யந்திரம் வேறு. வண்டியின் பக்கத்திலோ பின்னாலோ நெட்டையான இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தி அதில் மரக்கரியை நிரப்புவார்கள். கரியைத் தாராளமாக எரியவிட்டால் வெறும் புகைதான் மிஞ்சும். காற்றைக் கட்டுப்படுத்தி அரைகுறையாக எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்ற எரிவாயு பிறக்கும். கரியில் ஈரமிருந்தால் கொஞ்சம் ஹைட்ரஜனும் சேரும். அந்த வாயுவைக் குளிரவைத்து, சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் இழுக்க வேண்டும். வடிகட்டுவதில் அசட்டையாக இருந்தால் சிலிண்டர் தேய்ந்துபோகும். வாயு கசிந்தால் மனிதன் மயங்கி மாள்வான். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

கஷ்டங்கள் இவ்வளவோடு நிற்கவில்லை. பெட்ரோலில் ஓடும்போது எஞ்சின் தருகிற சக்தியில் ஐந்தில் இரண்டு பங்கு முதல் பாதி வரை கரிவாயுவில் குறைந்துவிடும். காரணம், வாயுவில் பாதிக்குமேல் எரியாத நைட்ரஜனே. விடியுமுன் எழுந்து ஊதுசக்கரத்தைச் சுற்றிக் கரியைக் கனியவைத்தால்தான் வண்டி கிளம்பும். இத்தகைய வண்டிகளில் சிறிதளவு பெட்ரோலை வைத்துக்கொண்டு, அதில் எஞ்சினைக் கிளப்பி, வாயு திரண்டதும் அதற்கு மாற்றுவதும் வழக்கம். ஒரே எஞ்சினுக்கு இரண்டு ஆகாரம். இன்றைய பாஷையில் சொல்வதானால் அதுவும் ஒரு கலப்பு வண்டியே.

இந்தக் காஸ் பிளாண்டில் நாம் கவனிக்க வேண்டியது அதன் வேகமன்று. அதில் வேகமே கிடையாது. இரும்புத் தகட்டை வளைக்கத் தெரிந்தவன், வெல்டு வைக்கத் தெரிந்தவன் அதைச் செய்யலாம். கெட்டால் வழியிலுள்ள ஊர்ப் பட்டறையில் சரிசெய்யலாம். கரியோ, வறண்ட கீழ்ச்சீமையில் கரிமூட்டம் போடுகிற ஏழைக் குடியானவன் தருவது. அந்தக் காசு ரங்கூனுக்கோ லண்டனுக்கோ போகாமல் நம் ஜில்லாவிலேயே சுழன்றது. டயருக்கும் அதே வழியைக் கையாண்டார்கள். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டித் திரும்ப ஓட்டும் தொழிலும் மதுரையில் வேரூன்றியது. எந்த யந்திரம் மிகச் சிறந்தது என்று ஐயங்கார் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. எந்த எரிபொருள் நம் மண்ணில் கிடைக்கிறது, எந்தக் கருவியை நம் கை செய்யும் என்ற இரண்டையுமே உரைகல்லாகக் கொண்டார். யுத்தம் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் கரி உருளைகள் கழற்றப்பட்டன. தாம் செய்வித்தது என்பதற்காக அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை. வியாபாரி என்ற முறையில் அது சரி. தேசம் என்ற முறையில் அந்தப் பழக்கத்தையும் சேர்த்துக் கழற்றி எறிந்தோமே, அதுதான் வருந்தத்தக்கது.

அவருடைய உரைகல்லில் இன்றைய தர்க்கத்தை உரைத்துப் பார்ப்போம்.

எண்ணெய் அழுத்த முறையில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயைத் தடித்த உருக்குக் கலத்துக்குள் தள்ளுகிறது. கலத்துக்குள் அடைபட்ட நைட்ரஜன் வாயு நசுங்கி வில்லைப் போல் இறுகுகிறது. வண்டி மறுபடி கிளம்பும்போது அந்த வாயு எண்ணெயைத் திருப்பித் தள்ள, எண்ணெய் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மின்சார முறையில், பம்புக்குப் பதில் டைனமோ, கலத்துக்குப் பதில் பாட்டரி. வித்தியாசம் கேட்பதற்கு இவ்வளவுதான். கணக்கிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

பத்து டன் எடையுள்ள பஸ் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் சிம்மக்கல்லை நெருங்கி நிற்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதனுள் இருக்கும் இயக்க சக்தி ஐந்து லட்சம் ஜூல். மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்குதான்; அற்பம். ஆனால் அது பத்தே விநாடியில் வந்து விழுகிறது. அதாவது 50 கிலோவாட். சாதாரண லாரிக்குப் போடும் 12 வோல்ட், 100 ஆம்பியர் ஈயப் பாட்டரியை அதற்கு உகந்த 20 ஆம்பியர் அளவில் ஏற்றினால் அது வாங்கிக்கொள்வது 240 வாட். அந்த நிதானத்தில் இந்தச் சக்தியை வாங்க இருநூறு பாட்டரிக்கு மேல் வேண்டும்! எண்ணெய்க் கலமோ எவ்வளவு வேகமாகத் திணித்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, அதே வேகத்தில் திருப்பித் தரும். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் இலாகாவார் 2006-ல் இந்த முறையில் ஒரு பார்சல் வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். அதிலே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 5,000 பவுண்டு. ஒரே அளவு எண்ணெயில் 60 முதல் 70 சதவீதம் அதிக தூரம் ஓடுமென்று ஆய்வுகூடத்தில் கண்டதாக அறிவித்தார்கள். நின்று நின்று போகும் வண்டிக்கு இது ஏற்றது. குப்பை லாரிக்கு இன்னும் பொருத்தம். அதில் எண்ணெய்ப் பம்பு முன்னமே இருக்கிறது.

அதே பஸ்ஸைக் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறக்குங்கள். ஏறக்குறைய 1,800 மீட்டர் இறக்கம். இதில் வெளிப்படும் சக்தி 49 யூனிட். சாலை உராய்விலும் காற்றிலும் ஒரு பகுதி போனாலும், மீதி இன்று பிரேக் டிரம்மில் புகைந்து நாற்றமெடுக்கிறது. சிம்மக்கல் நிறுத்தத்துக்கு அளவாகச் செய்த எண்ணெய்க் கலம், ஐந்து மீட்டர் உயரம் இறங்குவதற்குள் நிரம்பிவிடும். மிச்ச வழி முழுவதும் அது வெறும் பாரம். இங்கே பாட்டரிதான் கைகொடுக்கும். இறக்கம் நெடுநேரம் நீடிப்பதால் அவசரமின்றி ஏறும், இடமும் இருக்கும். ராமநாதபுரம் சாலையிலோ இரண்டும் வேண்டியதில்லை. மேடு பள்ளமில்லாமல், நிற்காமல் போகிற பஸ்ஸில் சேமிப்பதற்கு என்ன இருக்கிறது? வழியைப் பாராமல் வண்டியைப் பற்றி மட்டும் வாதாடுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கைவேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய் அழுத்தம் நம் மெக்கானிக்குகளுக்கு அந்நியமன்று. டிராக்டரும் டிப்பரும் திருச்செங்கோட்டுப் போர்வெல் லாரியும் அதனால்தான் வேலை செய்கின்றன. ஹோஸ் வெடித்தால் மாற்றத் தெரிந்தவன் தாலுகாதோறும் இருக்கிறான். ஆனால் வீட்டுப் பட்டறையில் இதைத் தொடுவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் ஊசித்துவாரம் வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் எறும்புக்கடி போலத் தெரியும், கையையே வெட்டும்படி ஆகிவிடும். கலத்தில் நைட்ரஜனைத் தவிரப் பிராணவாயுவை நிரப்பினால் குண்டுதான். பாட்டரிக்கும் தன் அபாயங்கள் உண்டு. லித்தியம் தீப்பற்றினால் எளிதில் அணையாது. 1979-ல் அமெரிக்காவின் ஆர்க்கன்ஸா மாகாணத்தில் டேவிட் ஆர்தர்ஸ் என்பவர் புல்வெட்டும் யந்திரத்தின் ஐந்து குதிரைச்சக்தி எஞ்சின், விமானத்தின் பழைய ஸ்டார்ட்டர் மோட்டார், பாட்டரிகள் இவற்றைக்கொண்டு ஒரு சிறு காரைக் கலப்பு வண்டியாக மாற்றினார். செலவு 1,500 டாலர். ஒரு காலனுக்கு 75 மைல் ஓடிற்று. அவர் மின்சாரத்தை எடுத்துக்கொண்டார். பட்டாளத்தின் கழிவுச் சரக்குக் கடையில் கிடைத்தது அதுதான். யுத்த காலத்து மதுரைப் பட்டறையின் முறையும் ஏறக்குறைய இதுவே. சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, அங்கீகாரம் பெற்ற சாதனத்தைப் பொருத்திப் பாட்டரி, சூரிய சக்தி, வாயு, வேறெந்தச் சக்தியாலும் வண்டியை ஓட்ட இடந்தருகிறது. விதிகளைப் பின்பற்றிப் பதிவதிகாரியின் அநுமதி பெறாமல் மாற்றுவோர் மட்டுமே கஷ்டப்படுவார்கள்.

எனினும் எரிபொருள் என்ற உரைகல்லில் எண்ணெய் அழுத்தம் தோற்றுப்போகிறது. அது பெட்ரோலைச் சிக்கனப்படுத்துமே தவிரப் பெட்ரோலிலிருந்து விடுதலை தராது. மின்சாரத்துக்கோ மூலம் நம் நாட்டிலேயே உண்டு. கரிமூட்டம் புகைந்த அதே ராமநாதபுரம் ஜில்லாவில், கமுதியில், 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. கயத்தாற்றிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆதலால் நமது கட்சி மின்சாரமே. டவுன் பஸ்ஸுக்கும் குப்பை லாரிக்கும் மட்டும் எண்ணெய் அழுத்தத்தைப் பரீட்சித்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. பாட்டரியின் கலங்கள் இன்று பெரும்பாலும் கப்பலில்தான் வருகின்றன. அவற்றை இங்கே செய்யக் கற்காவிட்டால், எண்ணெய் விற்பவனுக்குக் கட்டிய கப்பத்தைக் கலம் விற்பவனுக்குக் கட்டுவோம்.

இனி ஸ்ரீ ஐயங்காரின் சொந்த வாழ்க்கையைப் பற்றிச் சில வார்த்தைகள். யந்திரத்தில் முன்னேற்றக்காரராயிருந்த அவர், வீட்டில் ஆசாரமான வைஷ்ணவர். அவருடைய குமாரத்தி சௌந்தரம் இளம் வயதிலேயே விதவையானார். மூலையில் உட்கார வைப்பது அக்காலத்து வழக்கம். பெற்றோர் அவரைப் படிக்க அனுப்பினார்கள். டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து 1936-ல் அவர் டாக்டரானார். பின்னர் ஹரிஜன ஊழியர் ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொள்ள அவர் விரும்பியபோது பெற்றோர் இசையவில்லை. ஜாதி வேறு, பாஷை வேறு, அதிலும் விதவா விவாகம்! 1940-ல் காந்தியடிகளின் ஆசியுடன் அந்த விவாகம் நடந்தேறியது. 1947-ல் அத்தம்பதிகள் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே காந்திகிராமத்தை ஸ்தாபித்தார்கள். தகப்பனார் சாலையில் கிராமங்களை இணைத்தார். மகள் அக்கிராமங்களுக்குள்ளேயே புகுந்து பிள்ளைப்பேறும் வைத்தியமும் பார்த்தார். அவருடைய சம்மதமின்மையை மறைத்து எழுதுவது நமக்குச் சம்மதமில்லை. விதவையைக் கல்லூரிக்கு அனுப்பும் வரை வந்த கால்கள் அதற்கு மேல் வர மறுத்தன.

வியாபாரத்தில் அவர் காட்டிய பற்றின்மை பலருக்கு வியப்பளித்தது. நிர்வாகத்தைத் தம் ஆயுட்காலத்திலேயே புதல்வர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். சாகும்வரை சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்க்காத முதலாளிகளையே பார்த்துப் பழகிய நமக்கு இது அபூர்வம். அரசியல் கட்சிகளையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

1955-ம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி கொடைக்கானலில் தமது இல்லத்தில் தூக்கத்திலேயே காலமானார். வயது 78. வத்தலக்குண்டிலிருந்து மோட்டார்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிற அந்த மலையின் உச்சியில் அவர் மூச்சு அடங்கியது.

அவருக்குப் பிறகு அவர் குடும்பத்தார் பழுது பார்ப்பதிலிருந்து உற்பத்தி செய்வதற்குப் போனார்கள். 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ். ஆரம்பமாகி மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய டைனமோவும் ஸ்டார்ட்டரும் இங்கேயே உற்பத்தியாயின. 1962-ல் பிரேக்ஸ் இந்தியா தோன்றி எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகளைச் செய்யலாயிற்று. இவ்வாறு இன்று தர்க்கத்திலிருக்கும் இரண்டு வித்தைகளும் ஒரே குடும்பத்தின் தொழிற்சாலைகளில் அடுத்தடுத்த வருஷங்களில் பயிலப்பட்டன. இரண்டும் அந்நியக் கம்பெனிகளின் கூட்டுறவோடுதான் ஆரம்பமாயின என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020-ல் அக்குடும்பத்தின் ஓசூர்த் தொழிற்சாலை மின்சார ஸ்கூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பஸ்களோ அவர்கள் கையில் நிலைக்கவில்லை. 1972-ல் தமிழ்நாடு சர்க்கார் அவற்றை எடுத்துக்கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தை ஏற்படுத்தியது. அதன் வாரிசான அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களே இன்று சிம்மக்கல்லில் நின்று நின்று போகின்றன. கொடைக்கானல் மலைப்பாதையில் பிரேக் புகைய இறங்குகின்றன. எந்த வழிக்கு எந்தச் சக்தி என்று தீர்மானிக்கும் அதிகாரம் இப்போது அந்தக் கழகத்தினிடம் இருக்கிறது. அடுத்த வருஷத்துப் புது பஸ்களுக்கு டெண்டர் விடுமுன், ஒரே மாதிரி வண்டியை எல்லா வழிக்கும் வாங்காமல், வத்தலக்குண்டு வழிக்கு ஒரு கணக்கும் சிம்மக்கல் வழிக்கு ஒரு கணக்கும் தனித்தனியே போட்டு ஜனங்கள் முன் வைக்கும்படி அக்கழகத்தாரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.